திறந்த ஏடும் விழித்த கண்ணும்

நெல் வணிகன் தன் கடை வாயிலில் ஒரு தட்டில் மாதிரி நெல்லை வைத்திருப்பான். அதனை எவரும் கையில் அள்ளிப் பார்க்கலாம். ஆயினும், வாங்குவோர் இல்லம் சேர்வது மூட்டையில் உள்ள நெல்லே. தட்டில் உள்ளதும் மூட்டையில் உள்ளதும் ஒன்றே என நம்பித்தான் அவர்கள் விலை கொடுக்கின்றனர். கணிப்பொறி உலகிலும் இத்தகைய நம்பிக்கை ஒன்று உண்டு.

மென்பொருளின் கட்டளைகள் மனிதர் படித்தறியும் வடிவில் எழுதப்பெறும்போது மூலநிரல் எனப்படும். அதனை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது திறமூல மென்பொருள். இணைய உலாவியோடு இணைந்து அதற்குப் புதிய ஆற்றல் அளிக்கும் சிறு மென்பொருள் நீட்சி ஆகும். நீட்சிகள் சில, பயனர் காணும் பக்கங்கள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் இசைவு பெற்றவை. வங்கிக் கணக்கும் அந்தரங்க மடலும் அப்பக்கங்களுள் அடங்கும். ஒருமுறை தந்த இசைவு, பின்னர்த் தாமாக வந்து சேரும் புதிய பதிப்புகளுக்கும் பொருந்தும்.

'தி கிரேட் சஸ்பெண்டர்' என்பது குரோம் உலாவிக்கென அமைந்த திறமூல நீட்சி. பயன்படாது திறந்து கிடக்கும் பக்கங்களை உறங்கச் செய்து, நினைவகச் சுமையைக் குறைப்பது அதன் பணி. 20 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனைக் கொண்டிருந்தனர். 2020ஆம் ஆண்டில் அதனைப் பேணி வந்தவர் பிறருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னார் என்பது பயனர்க்கு விளங்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த பதிப்பில், பொதுவில் வைத்த மூலநிரலில் காணப்படாத கட்டளைகள் இருந்தன. தட்டில் இருந்தது ஒரு நெல்; மூட்டையில் இருந்தது வேறு நெல். இரண்டையும் ஒப்பிட்டு நோக்கிய சிலர் பிறரை எச்சரித்தனர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் அந்நீட்சியைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, பயனர் உலாவிகளிலும் செயலிழக்கச் செய்தது.

எனின், மூலநிரலைத் திறந்து வைப்பதால் பயன் இல்லையோ? உண்டு. அது திறந்திருந்தமையால் அன்றோ வேறுபாடு வெளிப்பட்டது! பழைய தூய நிரலைக் கொண்டு, 'தி மார்வலஸ் சஸ்பெண்டர்' என்னும் மாற்று நீட்சியைப் பிறர் ஆக்கியதும் அவ்வுரிமையாலேயே. ஆனால், பார்க்கும் உரிமை வேறு; பார்த்தல் வேறு. யாரேனும் பார்த்திருப்பர் என்று ஒவ்வொருவரும் எண்ணினால், ஒருவரும் பாராமலே போவதும் உண்டு.

ஆதலின், நீட்சி கேட்கும் இசைவு அதன் பணிக்கு ஏற்றதா எனக் காண்டலும், அதனைப் பேணுவோர் மாறினரா என அறிதலும், வேண்டாதவற்றை நீக்குதலும் பயனர் கடமையாம். 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆராய்ந்த பின் வைக்கும் நம்பிக்கையே நிலைபெறும். ஏடு திறந்திருந்தால் மட்டும் போதாது. அதனைப் படிக்கும் கண் விழித்திருத்தல் வேண்டும்.