பிள்ளைகளின் மதியச் சாப்பாடு: வீணாகாமல் கட்டிக் கொடுப்போம்

பள்ளி விட்டு வந்த பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் படி. பாதிச் சோறு அப்படியே இருக்கிறதா? பொரியல் மட்டும் ஒதுங்கிக் கிடக்கிறதா? நாளைக்கு என்ன, எவ்வளவு கட்டுவது என்பதற்கான பதில் அதில் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் டப்பா திறக்கும்போதே திட்டும் விழுந்துவிடுகிறது. திட்டுக்குப் பயந்த பிள்ளை, அடுத்த நாள் மிச்சத்தைப் பள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவோடு வந்து நிற்கும். நாமும் 'மாஷா அல்லாஹ், முழுக்கச் சாப்பிட்டுவிட்டான்' என்று மகிழ்ந்து, மறுநாளும் அதே அளவைக் கட்டுவோம். ஆகவே மிச்சம் வந்தால் திட்ட வேண்டாம். மிஞ்சினால் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வா என்று சொல்லி வைப்போம்.

அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம், உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே இடத்தில் வீண் விரயத்தைத் தடுக்கிறது. கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை நாம் அறியோம் என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். இதைச் சொல்லிக் காட்டி, கட்டியது முழுவதையும் பிள்ளை விழுங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் உண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. எவ்வளவு போடுவது என்று முடிவு செய்தது பிள்ளையல்ல, நாம்தானே!

மாலையில் திரும்பி வந்த சோற்றைச் சூடாக்கித் தாமே சாப்பிட்டுவிடும் தாய்மார்களும் நம்மில் அதிகம். இதைச் செய்ய வேண்டாம். சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் தப்பிப் பிழைப்பவை. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைத் தரும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலை 7 மணிக்குக் கட்டிய சோறு மாலை 4 மணிக்கு வரும்போது 9 மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது அதைக் காப்பாற்ற வழியில்லை. காலையில் அளவாகக் கட்டுவதுதான் வழி.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மிச்சம் வந்தால் ஒரு கரண்டி குறையுங்கள். பசிக்கிறது என்று பிள்ளை சொன்னால் கூட்டிக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு நேரமும் ஒரு தடை. கை கழுவி, இடம் பிடித்து உட்காரவே இடைவேளையில் பாதி போய்விடும். முள் எடுத்துத் தின்ன வேண்டிய மீன், எலும்போடு கறி, பிசைந்து தின்ன வேண்டிய சோறும் ஆணமும் வீட்டுத் தட்டுக்கு உரியவை. எலும்பில்லாமல் சிறிதாக நறுக்கி வறட்டிய கறி, பிசைந்தே வைத்த சோறு, சுருட்டிய சப்பாத்தி ஆகியவை டப்பாவுக்கு நல்லது. தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடும். எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தாங்கும். தயிர்ச்சோற்றுக்குப் பாலை நிறைய விட்டு, தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்தினால் மதியத்துக்குப் புளிக்காது. எதையும் ஆவி பறக்க மூடாதீர்கள். மூடியில் வியர்த்த நீர் சொட்டிச் சோறு நசநசவென்று ஆகிவிடும், பிள்ளை தொடாது.

அடுத்தது, சுற்றிக் கொடுக்கும் குப்பை. உணவு பொதியும் பிளாஸ்டிக் தாளும் பைகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அதற்குப் பதிலாக அலுமினியத் தாளுக்கு மாறியவர்கள் அதையும் ஒரே வேளையில் கசக்கி எறிகிறார்கள். புளிப்பான உணவு அதில் பட்டால் உலோகம் கொஞ்சம் கரையவும் செய்யும். செய்தித்தாளின் மை உணவில் ஏறுவதால் அதுவும் ஆகாது. இரண்டு அடுக்கு எவர்சில்வர் டப்பா, உள்ளே ஒரு துண்டு வாழையிலை, கை துடைக்கப் பழைய பருத்தித் துணி, தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் இருந்தால் போதும். எல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவை.

தின்பண்டப் பாக்கெட்டைப் பற்றியும் ஒரு கணக்கு. நாளுக்கு 5 ரூபாய் சிப்ஸ் என்றால் 200 பள்ளி நாளுக்கு 1,000 ரூபாய். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் 3,000 ரூபாயும் 600 காலிப் பாக்கெட்டுகளும். பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறையைப் பழைய சாமான் கடைக்காரர்கூட எடுக்கமாட்டார். அதே காசில் வேர்க்கடலை, பொரிகடலை, வாழைப்பழம், கொய்யா வாங்கலாம். வாரத்தில் ஒரு நாள் பிள்ளை கேட்பதை வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. அடியோடு தடுத்தால் அடுத்த பிள்ளையின் பாக்கெட்டில் கை போகும்.

புது டப்பா வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். மூடி இறுக்கமாக இருந்து திறக்க முடியாமல், யாரிடமும் கேட்கவும் வெட்கப்பட்டு, சாப்பாட்டைத் தொடாமலேயே கொண்டு வரும் சிறு பிள்ளைகள் உண்டு. கடையிலேயே அதன் கையில் கொடுத்து இரண்டு மூன்று முறை மூடித் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.