பன்னிரண்டு பேர், நான்கு பொருட்கள்

நூதனசாலைக்குப் போய் வந்த ஒரு மாணவியிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "நிறையப் பார்த்தோம், மிஸ்" என்பாள். இன்னும் துருவிக் கேட்டால் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு என்பாள். அதற்குமேல் பேச்சு வராது. அதில் அவளுடைய பிழை ஒன்றுமில்லை. இரண்டு பஸ்களில் நூறு பேர் வந்திறங்கி, ஒரு வாசலால் நுழைந்து மறுவாசலால் வெளியேறி, அப்படியே காலிமுகத்திடலுக்கு ஓடும் சுற்றுலாவில் காலுக்குத்தான் வேலை, கண்ணுக்கு வேலையில்லை.

சித்திரம் கற்பிக்கும் எனக்கு இது நெடுநாளாக உறுத்தலாகவே இருந்தது. பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதையில் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பசறையிலோ மடுல்சீமையிலோ இருந்து வரும் பிள்ளைக்கு அதற்கு முன்னால் இன்னொரு பயணமும் உண்டு. பாடசாலைக் காலம் முழுவதிலும் ஒரு தடவைதான் போகக் கிடைக்கும் என்றால், அந்த ஒரு தடவை வீணாகக் கூடாதல்லவா? எனவே சென்ற வருடம் தரம் 10, 11 சித்திர மாணவிகளில் பன்னிரண்டு பேரை மட்டும், துணைக்கு இரண்டு உம்மாமாருடன், இரவுத் தபால் வண்டியில் அழைத்துச் சென்றேன். நூதனசாலையில் நான்கே நான்கு பொருட்கள். பிறகு விகாரமகாதேவி பூங்காவில் இருந்து வரைதல். திட்டம் இவ்வளவுதான்.

போகுமுன் பதுளையிலேயே ஒரு பயிற்சி வைத்தேன். நமது நகரின் பொது நூலக வளவில் ஒரு கல்தூண் நிற்கிறது. நம்மில் எத்தனை பேர் அதன் முன்னால் இரண்டு நிமிடம் நின்றிருப்போம்? பத்தாம் நூற்றாண்டில், உதயன் என்னும் அரசனின் காலத்தில் வெட்டப்பட்ட சிங்களக் கல்வெட்டு அது. மகியங்கனைப் பக்கம் சொரபொர வாவிக்கருகே 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டுப் பதுளைக்கு வந்து சேர்ந்தது. ஹோபிட்டிகம என்ற சந்தையில் வியாபாரம் எப்படி நடக்க வேண்டும் என்ற சட்டங்கள் அதில் வரிவரியாக உள்ளன. அளவைகளில் மோசடி கூடாது. போயா நாளில் வியாபாரம் செய்யக் கூடாது. நான்கு பக்கமும் எழுத்து.

அங்கே மாணவிகளுக்கு ஒரு முறையைப் பழக்கினேன். முதல் ஐந்து நிமிடம் பேச்சில்லை, விளக்கப் பலகையை வாசிப்பதும் இல்லை, பார்ப்பது மட்டும். பிறகு கண்டதை ஐந்து வசனங்களில் எழுத வேண்டும். "அழகானது", "பழைமையானது" என்ற இரண்டு சொற்களுக்கும் தடை. அதன்பின் பென்சிலால் ஒரு சிறு கோட்டுப்படம். பலகையை வாசிப்பது கடைசியில்தான். பலகையை முதலில் வாசித்துவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும். இது பரீட்சைக்கும் பொருந்தும் என்பதைப் பெற்றோருக்காகச் சொல்லி வைக்கிறேன்: ஒரு படைப்பைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால், பார்த்தவள் எழுதுவது வேறு, மனப்பாடம் செய்தவள் எழுதுவது வேறு.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எழுந்து நேராகவே கேட்டார்: "மிஸ், அங்க முழுக்க சிலைதானே? எங்கட புள்ளைக்கு அங்க என்ன வேல?" நியாயமான கேள்வி. இன்னும் சிலர் மனதிலும் அதுதான் இருந்தது என்பது அவர்களுடைய முகத்தில் தெரிந்தது. வணங்குவதற்கும் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு சொற்பொழிவு செய்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, அந்தக் கட்டடத்தைக் கட்டியவரின் கதையைச் சொன்னேன்.

கொழும்பு நூதனசாலையை நிறுவியவர் ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி. நமக்குப் புதியவரல்லர், நுவரெலியாவின் கிரகரி வாவிக்குப் பெயர் தந்தவர் அவரே. கட்டடத்தை வரைந்தவர் அரசாங்கக் கட்டடக்கலைஞர் ஸ்மித்தர். கல்லும் சுண்ணாம்புமாக அதை எழுப்பியவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் கட்டட ஒப்பந்தக்காரர். 1877 ஜனவரி 1ஆம் திகதி நூதனசாலை திறக்கப்பட்டது. அந்த வேளையில் ஆளுநர் மரைக்காரை அழைத்து, "உமக்கு என்ன வெகுமதி வேண்டும்?" என்று கேட்டதாகவும், பட்டமோ காணியோ கேளாமல், வெள்ளிக்கிழமைகளில் இந்த இடம் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகவும் சொல்லப்படுகிறது. அதன்படி நூதனசாலை நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது. இப்போது அந்த வழக்கம் இல்லை.

சிலைகள் வைப்பதற்கான மாளிகை என்று தெரிந்தேதான் அவர் அதைக் கட்டினார். ஜும்ஆவையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரயிலுக்கு எத்தன மணிக்கு வரோணும்?" என்று கேட்டார். அவருடைய மகள் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. மரைக்காரின் வழித்தோன்றலான சேர் ராசிக் பரீத்தான் 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரியை நிறுவினார் என்பதையும் இவ்விடத்தில் சேர்த்துச் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

ஆகவே முதலில் பார்த்த பொருள் கட்டடம்தான். அதை நான்கில் சேர்க்கவில்லை. வெள்ளை நிறம், இத்தாலியச் சாயல், வளைவுகள் வரிசையாக ஓடும் விறாந்தைகள், முன்னால் கிரகரியின் சிலை, வளவில் விழுது விட்ட ஆலமரங்கள். வளைவுகளை எண்ணத் தொடங்கிய ஒருத்தி, "மிஸ், நடுவால மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்டுக்கு மேல ஒண்டு சரியா வரும்" என்றாள். சமச்சீர் என்ற பாடத்தை நான் கரும்பலகையில் மூன்று கிழமை நடத்தியிருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் தொளுவில புத்தர் சிலை. அனுராதபுரத்தின் தொளுவிலயிலிருந்து கொண்டுவரப்பட்ட, தியானத்தில் அமர்ந்த கற்சிலை. எங்களுக்கு வழிகாட்டிய உத்தியோகத்தர் தமிழில் நிதானமாகப் பேசக்கூடிய ஒரு பெண்மணி. எங்கள் முறையை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவரும் ஐந்து நிமிடம் வாய் திறக்கவில்லை. பிறகு பிள்ளைகளைப் பக்கவாட்டில் நகர்த்தி, "தோளையும் இடுப்பையும் பாருங்கள். இந்தச் சிலைக்குள் எத்தனை முக்கோணங்கள் இருக்கின்றன?" என்று மட்டும் கேட்டார். மடித்த இரண்டு முழங்கால்களும் தலையும் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணம். அதனால்தான் அவ்வளவு கனமான கல்லிலும் ஓர் அமைதி தெரிகிறது. மதத்தைப் பற்றி அங்கே ஒரு விவாதமும் எழவில்லை.

இரண்டாவது, கண்டி மன்னர்களின் சிங்காசனம். 1693இல் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த அன்பளிப்பு. பொற்தகடு வேய்ந்த மரம், கைப்பிடிகளாக இரண்டு சிங்கங்கள், முதுகுச் சாய்வின் உச்சியில் சூரியன். 1815இல் கண்டி வீழ்ந்தபின் அது இங்கிலாந்துக்குப் போய், 1934இல்தான் திரும்பி வந்தது. ஊவாப் பிள்ளைகளுக்கு 1815க்குப் பின் வருவது 1818 என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியில் எரிந்த வயல்களும் ஊர்களும் நம் காலடி மண்ணில் உள்ளவை. அந்த ஆண்டில் இந்த நாற்காலி கடலுக்கு அப்பால் இருந்தது என்று ஒருத்தி குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். அந்த ஒரு வசனத்துக்கே நான் பத்துக்குப் பத்து போட்டேன்.

சீகிரிய ஓவியங்களின் பிரதிகளில் அதிக நேரம் செலவிடவில்லை. தொல்பொருள் ஆணையாளர் பெல்லின் காலத்தில், 1890களில், டி. ஏ. எல். பெரேரா என்ற ஓவியர் பாறையின் உயரத்தில் தொங்கிக்கொண்டு பார்த்து எழுதியவை. பிரதி எடுப்பதும் ஒரு கல்விதான் என்பதை அறிய அது போதும்.

நான்காவது பொருளுக்காகத்தான் நான் இந்தப் பயணத்தையே ஒழுங்கு செய்தேன் என்றாலும் தவறில்லை. அது காலி மும்மொழிக் கல்வெட்டு. ஏறக்குறைய நாலே முக்கால் அடி உயரமான ஒரு கற்பலகை. உச்சி வளைந்து, அதில் இரண்டு பறவைநாகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். கல் மங்கலாக இருப்பதால் முதல் பார்வைக்கு வெறும் பாறைதான். ஐந்து நிமிட விதியின் அருமை அங்கேதான் தெரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் பசறைப் பிள்ளை ஒருத்தி விரலை நீட்டி, "இது நம்மட எழுத்து" என்றாள். பேசக்கூடாது என்ற விதி அத்தோடு உடைந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்த இன்னொருத்தி கீழ்ப்பகுதியில் அரபு எழுத்தின் வளைவுகளைக் கண்டுபிடித்தாள். பாரசீகத்துக்கும் அதே எழுத்துத்தானே. மத்ரஸாவில் ஓதிய கண் அதை விடவில்லை. மூன்று மொழிகளில் இரண்டு எங்கள் பன்னிரண்டு பேரிடமும் இருந்தன.

பிறகு உத்தியோகத்தர் கதையைச் சொன்னார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல் அது. அவர் யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள். கல்லின் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயிலின் தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. சீனப் பகுதியின் காணிக்கைப் பட்டியலில் 1,000 பொன், 5,000 வெள்ளி, 2,500 கட்டி வாசனை எண்ணெய் என்று கணக்குக் கூட இருக்கிறது. மற்ற இரண்டிலும் அதையொத்த பட்டியல்களே. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தபோது, இந்தக் கல் எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து, ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது.

"சிங்களம் எங்க, மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் சிறந்தது அதுதான். கல்லில் இல்லாததைக் காண்பதற்கு இருப்பதைக் காண்பதைவிடக் கூர்மையான கண் வேண்டும். அந்தக் கல் அரண்மனையோடு பேசவில்லை, துறைமுகத்தோடு பேசியது என்பதே என் விடை. அன்றைய இந்துசமுத்திரக் கரைகளில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் மொழிகள் தமிழும் பாரசீகமும். கல்லை மட்டும் பார்த்துச் செங் ஹேயை சமாதானத் தூதராக்கிவிடவும் கூடாது. 1411இல் அதே கடற்படை இங்கு போரிட்டு, அழகக்கோன் வம்சத்து ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. இதைக் கேட்டபின் இரண்டு பிள்ளைகள் தங்கள் படத்தில் பறவைநாகங்களின் வாயை இன்னும் அகலமாக்கினார்கள்.

பகல் உணவு விகாரமகாதேவி பூங்காவில். ஒரு காலத்தில் கறுவாத் தோட்டமாக இருந்த பகுதி அது. ஆங்கிலேயர் காலத்தில் விக்டோரியா பூங்கா. மர நிழலில் இருந்து பார்த்தால் நகர மண்டபத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றைச் சாப்பிட்டு, லுஹர் தொழுகையும் முடிந்தபின் ஒரு மணித்தியாலம் வரைந்தோம். மரத்தை வரையச் சொன்னால் மரத்தை வரையாமல் மரங்களுக்கு இடையிலுள்ள வெளியை வரையும்படி கேட்டேன். தேயிலை மலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சமதரை கைக்கு வரவில்லை. எல்லோருடைய தாளிலும் பூங்கா ஒரு சரிவாகவே இருந்தது. நான் திருத்தவில்லை.

பூங்காவின் ஓரமாகப் போகும் வீதியின் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. தேசிய கலைக்கூடமும் அங்கேதான். குமாரசுவாமி கொழும்பில் பிறந்தது 1877இல், அதாவது நூதனசாலை திறக்கப்பட்ட அதே ஆண்டில். தொழிலால் நிலவியலாளர், கனிமங்களை ஆராயக் கிராமம் கிராமமாகப் போனவர், அங்கிருந்த கைவினைஞர்களின் வேலையைக் கண்டு நின்றுவிட்டார். அதன் விளைவு 1908இல் வெளிவந்த மத்தியகால சிங்களக் கலை பற்றிய நூல். 1917 முதல் 1947இல் இறக்கும்வரை அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றினார். அவர் பெயர் கொண்ட வீதியின் பூங்கா வேலியில் இளம் ஓவியர்கள் படங்களைச் சார்த்தி வைத்து விற்கிறார்கள். 1993 முதல் ஜோர்ஜ் கீற் மன்றம் ஆண்டுதோறும் கலாபொல என்ற ஓவியச் சந்தையை நடத்துவதும் இந்த வீதியில்தான். எங்கள் பிள்ளைகள் அங்கே ஓவியங்களைவிட விலைகளையே கூடுதலாகப் பார்த்தார்கள். ஒரு படத்துக்கு இவ்வளவு கொடுப்பார்களா என்ற வியப்பு அவர்களுக்கு. அதுவும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்த பயணத்தில் இன்ஷா அல்லாஹ் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்துக்கும் போக எண்ணம். அது '43 குழு ஓவியர்களில் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. அறைகளில் அந்தக் குழுவினரின் ஓவியங்கள் இருக்கின்றன. இம்முறையும் பன்னிரண்டு பேர்தான். பெயர் கொடுக்க விரும்பும் மாணவிகள் நூலக வளவிலுள்ள தூணின் ஒரு பக்கத்தைப் பென்சிலால் வரைந்து, கீழே ஐந்து வசனங்கள் எழுதிக் கொண்டுவர வேண்டும். தடை செய்யப்பட்ட இரண்டு சொற்களும் நினைவிருக்கட்டும்.