கருநாடக வாரிசுரிமைப் போரில் இருதரப்பு வலிமைகளும் உத்திகளும்: ஆரணிப் போரை முன்வைத்து

முன்னுரை

ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் நிகழ்த்திய போர் (1749–1754), பொதுவாக ஆங்கில - பிரெஞ்சுப் போட்டியாகவே எழுதப்பட்டு வருகிறது. ஒரே நாட்டின் உரிமைக்காக இரு குடும்பத்தார் மோதிய உள்நாட்டுப் போர் என்பதே அதன் அடிப்படை இயல்பாகும். வினையின் வலிமை, தன் வலிமை, பகைவர் வலிமை, துணைவர் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்டுச் செயல்பட வேண்டும் என்பது திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் தரும் அளவுகோல். அதனைத் தொடர்ந்து காலமறிதலும் இடனறிதலும் அமைகின்றன. இவ்வளவுகோலைக் கொண்டு இருதரப்பையும் ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருதரப்பு வலிமை

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வாருதீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளியில் தஞ்சமடைந்தார். நாட்டின் பெரும்பகுதியும் அதன் வரி வருவாயும் சந்தா சாகிபின் கைக்கு வந்தன. புதுச்சேரி ஆளுநர் தூப்ளேயின் படை அவருக்குத் துணைநின்றது. அத்துணைக்கு ஈடாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரருக்கு அளிக்கப்பட்டன. முகமது அலியிடம் இருந்தவை ஒரு வலிய கோட்டையும் வாக்குறுதிகளுமே. அவற்றைக் கொண்டு ஆங்கிலேயர், மைசூர், தஞ்சாவூர், முராரி ராவின் மராத்தியர் ஆகியோரைத் துணையாக்கினார்.

காலமும் இடமும்

சந்தா சாகிப் தம் வலிமையைத் திருச்சி முற்றுகையில் குவித்தார். எதிர்த்தரப்போ அவ்வலிமையைச் சிதறச் செய்தது. 1751இல் கிளைவ் ஏறத்தாழ 500 வீரருடன் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். தலைநகரை மீட்க மகன் ராசா சாகிபின் தலைமையில் 4,000 பேரைச் சந்தா சாகிப் திருச்சியிலிருந்து அனுப்ப நேர்ந்தது. ஐம்பது நாள் முற்றுகையும் பயனளிக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஆரணியில் இரு படைகளும் மோதின. களம்பூர், ஆரணி வட்டாரத்தின் வயல்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் நிறைந்து சேறாகும் இயல்பின. கிளைவின் படை ஊரையும் பனந்தோப்பையும் காப்பாகக் கொண்டு நின்றது. முன்னே நெல்வயல்கள். எண்ணிக்கையில் மிகுந்த ராசா சாகிபின் படை, பீரங்கிகளை ஒடுங்கிய வழியொன்றின் மீதே நகர்த்த வேண்டியதாயிற்று. பெரும்படையின் மிகுதி அங்குப் பயன்படவில்லை. தோல்விக்குப் பின் அதன் சிப்பாய்கள் பலர் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தனர். கூலியே பற்றாக இருந்த படைக்குத் தோல்வி என்பது ஆள்வலியின் இழப்பாகவும் ஆயிற்று.

வெற்றியின் விலை

1752இல் சந்தா சாகிப் சரணடைந்து கொல்லப்பட்டார். ஆயினும் வாக்களித்தபடி திருச்சி கிடைக்காமையால் மைசூர் அணி மாறியது. போர் மேலும் ஈராண்டு நீண்டது. போர்ச்செலவு முகமது அலியின் கடனாயிற்று. கடனுக்கு ஈடாக நிலவரி கைமாறியது. அதன் சுமை உழுகுடிகள் மீது இறங்கியது. 1801இல் கருநாடகத்தின் ஆட்சியே கும்பெனியிடம் சென்றது.

முடிவுரை

சந்தா சாகிப் இடமும் காலமும் அறியாது தோற்றார். முகமது அலி அவ்விரண்டிலும் துணைவரால் வென்றார். எனினும் வருவாய்க்கு மேற்பட்ட செலவு அழிவு தரும் என்னும் கருத்தையும் வலியறிதல் அதிகாரமே உணர்த்துகிறது. துணைவலியைத் தன்வலியாகக் கருதியவர் போரில் வென்றும் நாட்டை இழந்தார் என்பது இவ்வொப்பீட்டின் முடிவாகும்.