டயாலிசிஸ் செய்கிறவருக்குத் தண்ணீர் ஏன் அளவு?



நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதுதான் மரியாதை. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடி, கிழக்கே திருச்சுழி என்று எங்கும் கரிசல் காடு. வானம் பார்த்த வெள்ளாமை. தண்ணீரின் அருமை தெரிந்த ஜனங்கள். இவர்களில் டயாலிசிஸுக்கு வருகிறவரிடம், "ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், "தண்ணி குடிக்காம எப்படிங்கய்யா இருக்கது?" என்று எங்களிடம் வந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும்போது நீங்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஆகையால் இதன் பதில் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவர் குடிக்கிற தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது உடம்பிலேயே தங்குகிறது. முதலில் காலில் வீக்கம், பிறகு முகத்தில், கடைசியில் நுரையீரலில். இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறவர்களைப் பார்க்கிறோம். குழாய்களில் அழுத்தம் ஏறுவதால் இருதயம் பாரம் இழுக்கிற மாடுபோல் உழைத்து, நாளடைவில் தடித்துப்போகிறது.

அப்படியானால் சேர்ந்த நீரையெல்லாம் மெஷின் எடுத்துவிடாதா? எடுக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் சேர்ந்ததை நாலு மணி நேரத்தில் எடுக்க வேண்டும். மெஷின் இரத்தத்திலிருந்துதான் நீரை இழுக்கிறது. சதையில் தேங்கிய நீர் மெல்ல ஊறித்தான் குழாய்க்குள் வரும். வற்றிய கிணற்றில் ஊற்று வருமுன்னே இறைப்பது போலத்தான். அவசரமாய் இழுத்தால் இரத்த அழுத்தம் திடீரென விழுகிறது. கொட்டாவி, வியர்வை, கெண்டைக்கால் பிடிப்பு, சிலருக்கு மயக்கம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு மணி நேரத்தில் 13 மில்லிக்கு மேல் நீரை எடுக்கிறபோது மரணம் அதிகமாவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால் நாலு மணி நேரத்துக்கு 2.6 லிட்டர் வருகிறது. நாலு கிலோ ஏறி வருகிறவர் தம்மையும் வருத்தி, இருதயத்தையும் வருத்துகிறார்.

இரத்தக் குழாயைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஹாலந்து தேசத்தில் டாக்டர் வில்லெம் கோல்ஃப் 1943இல் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றி டயாலிசிஸ் செய்தார். 1945இல் அதனால் ஒரு மூதாட்டி பிழைத்தார். ஆனாலும் நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவர்களை அப்போது காப்பாற்ற முடியவில்லை. ஏனெனில் ஒவ்வொரு முறையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் வெட்டித் திறக்க வேண்டும். சில வாரங்களில் திறப்பதற்குக் குழாயே மிஞ்சாது. 1960இல் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்கிரிப்னர் கையிலேயே நிலையாக ஒரு டெஃப்ளான் குழாயைப் பொருத்தினார். 1966இல் நியூயார்க் டாக்டர்கள் தமனியையும் சிரையையும் தோலுக்கடியில் இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்டுலா என்று நம் நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

அந்தச் சிரை தடித்து ஊசி ஏற்கும் பருவத்துக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். தொட்டுப் பார்த்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். அழுத்தம் விழுந்தால் அதில் ஓட்டம் குறைந்து இரத்தம் உறைந்துவிடலாம். அப்படி உறைந்து அடைபட்டதைத் திறக்க முடியாமல் போனால் வேறிடத்தில் புதிது செய்ய வேண்டும். மனுஷனுக்குக் கை இரண்டுதானே! தண்ணீர்க் கட்டுப்பாடும் கைக்குழாயும் வெவ்வேறு சங்கதியல்ல என்பதற்காகவே இதை விரித்து எழுதுகிறோம். ஃபிஸ்டுலாக் கையில் பிளட் பிரஷர் பார்க்கலாகாது, இரத்தம் எடுக்கலாகாது, இறுக்கமான வளையலும் கூடாது. நம் பெண்கள் குடத்தை இடது இடுப்பில் வைத்து இடது கையால் அணைத்துக்கொள்கிறார்கள். ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் இடது கையில்தான் போடுகிறார்கள். அந்த வீட்டில் குடம் தூக்க வேறொருவர் வேண்டும்.

பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அந்தச் சுண்ணாம்புச் சத்தே, சிறுநீரகம் கழிக்காத பாஸ்பரஸோடு சேர்ந்து, இவர்களுடைய குழாய்ச் சுவரிலும் படிகிறது. சுவர் விறைத்துப்போனால் அழுத்தம் ஏறுவதும் விழுவதும் இன்னும் கடுமையாகும். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். படுக்கப் போகும்போது தனியாக விழுங்கினால் பயனில்லை.

தாகத்தை எப்படித் தாங்குவது? குற்றவாளி தண்ணீரல்ல, உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது; உடம்பின் நீரும் ஏறக்குறைய அதே உவர்ப்புதான். ஆகவே 9 கிராம் உப்பு, அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவு, உள்ளே போனால் ஒரு லிட்டர் குடிக்குமட்டும் தாகம் விடாது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் சாத்தூர்ச் சேவும் தின்றுவிட்டுத் தண்ணீரை அடக்கு என்றால் எந்தப் பரிசுத்தவானாலும் ஆகாது. உப்பைக் குறைத்தவருக்கு இரண்டொரு வாரத்தில் தாகமும் குறைகிறது. காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து, காபி, கஞ்சி, ரசம், மோர் எதைக் குடித்தாலும் அந்த அளவுக்கு அதிலிருந்து ஊற்றிவிடச் சொல்லுகிறோம். கணக்கு கண்ணுக்குத் தெரியும். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம்.

சந்திக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இளநீரும் வாழைப்பழமும் தயவுசெய்து வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் இவர்களுடைய இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கிற உப்பிலும் பொட்டாசியமே சேர்த்திருக்கிறார்கள், அதுவும் ஆகாது. அசனத்தில் இவர்களுக்கென்று உப்பில்லாமல் கொஞ்சம் சோறும் காய்கறியும் தனியே எடுத்துவைத்தால் அவர்களும் பந்தியில் உட்காருவார்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். முக்கால் லிட்டர் குடிக்கிற இவருக்கு ஒரு முறை டயாலிசிஸ் செய்ய, நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓடுகிறது. சுண்ணாம்புச் சத்து நீக்காத தண்ணீர் மெஷினுக்குள் போனால் வாந்தியும் தலைவலியும் வந்து இரத்த அழுத்தம் ஏறும். வறண்ட சீமையில் டயாலிசிஸ் நடத்துவதில் பாதிக் கவலை இந்தத் தண்ணீரைப் பற்றியதுதான்.

எத்தனை நீர் சேர்ந்தது என்பதை எடையே காட்டும். மிகுதி நீரெல்லாம் எடுத்தபின் இருக்கும் எடையை டாக்டர்கள் 'ட்ரை வெயிட்' என்கிறார்கள். காலையில் எழுந்து, சாப்பிடுமுன், தினமும் ஒரே மெஷினில் நின்று பார்த்து நோட்டில் எழுதி, டயாலிசிஸுக்கு வரும்போது கொண்டுவர வேண்டும். ஒரு நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். எடை பார்க்கும் மெஷின் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. இளநீர் வாங்க எடுத்த பணத்தைச் சிலர் சேர்த்து, அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒன்று வாங்கிக்கொடுங்கள்.