ஷாக் நின்றுவிட்டால் பழுது தீர்ந்ததா?

துணியை எடுக்கக் கை வைத்தால் வாஷிங் மெஷின் சுர்ரென்கிறது. "ஈரக் கையோடு தொட்டால் லேசாக அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தொடச் சொல்வார் இன்னொருவர். அதற்கும் அடங்கவில்லை என்றால் மெக்கானிக் வருவார், மெஷினைப் பிரிப்பார். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: உடம்புக்குத் தெரிகிற ஷாக்தான் பழுது, அது தெரியாமல் போனால் பழுதும் போயிற்று. உண்மையில் பழுதே இல்லாத மெஷின் சுர்ரென்று அடிக்கலாம். பெரிய ஆபத்தை உள்ளே வைத்திருக்கும் மெஷின் பல வருஷம் சாதுவாகவும் ஓடலாம்.

பழுதில்லாமல் எப்படி ஷாக் அடிக்கும்? எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின்களில், மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் மெஷினின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கும். அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் எர்த் கம்பியில் இறங்கிப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னாட்டுத் தரவிதி இதற்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை இடம் தருகிறது. எர்த் இல்லாத வீட்டில் அதற்குப் போக வழியில்லை. 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி மெஷினின் உடம்பில் தேங்கி நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும், தொட்டால் சுர்ரென்னும். இந்த நிலையில் மெஷினைப் பிரித்து போர்டை மாற்றுவது வீண் செலவு. பார்க்க வேண்டிய இடம் சுவரில் உள்ள பிளக் பாயின்ட். (செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பெரும்பாலும் இந்த ஃபில்டர் கிடையாது. அங்கே ஷாக் அடித்தால் உள்ளே உண்மையாகவே கசிவு உண்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.)

அந்தச் சிறு கசிவு ஆளைக் கொல்லாதே, பிறகு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கலாம். அந்தச் சுர்ரென்ற உணர்வு சொல்லும் செய்தி, இந்த வீட்டில் எர்த் இல்லை என்பது. எர்த் இல்லாததனால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. இரண்டாவது பழுது ஒன்று வந்து சேர வேண்டும். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிக்கிறது. போர்வெல் உப்புத் தண்ணீரில் படிவு கட்டி ஹீட்டரின் உறை வெடிக்கிறது. அன்றைக்கு அதே இரும்பு உடம்பில் முழு 230 வோல்ட்கூட ஏறலாம். நனைந்த உடம்பின் தடையை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்தால் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாது. அதைப்போல் சில மடங்கானால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்கு, இரண்டாவது பழுது இன்னும் வரவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ரப்பர் செருப்பும் இங்கே அரைகுறைத் துணைதான். ஒரு கை மெஷினிலும் மறு கை இரும்புக் குழாயிலும் இருந்தால் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போகும். காலில் என்ன போட்டிருக்கிறோம் என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

ஷாக்கை மட்டும் நிறுத்தும் வைத்தியங்களில் மோசமானது, பிளக் பாயின்ட்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் லூப் போட்டுவிடுவது. ஐந்து நிமிஷ வேலை. ஷாக் அப்போதே நின்றுவிடும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஆனால் அந்த லைனில் எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ ஸ்க்ரூ லூசானாலோ, பேஸ் மெஷினின் சுற்றுகள் வழியாகப் புகுந்து லூப் வழியே இரும்பு உடம்புக்கு வந்து நிற்கும். நியூட்ரல் போய்விட்டதால் மெஷினும் ஓடாது. கரண்ட் இல்லை என்று நினைத்துத்தான் ஆள் தொடுவார். எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் இந்த வகைதான். இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடிய காலத்தில் அதற்கு ஏதோ அர்த்தம் இருந்தது, பி.வி.சி. குழாயில் அதுவும் இல்லை. த்ரீ பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் நீளமாக வைத்திருப்பது, செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. அதை டூ பின் அடாப்டரில் மாட்டினால் அவ்வளவும் வீண்.

"எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, விழுந்துவிடாதா?" என்பது படித்தவர்களும் கேட்கும் கேள்வி. எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்ச் காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மனித உடம்பில் பாயும் 0.2 ஆம்பியர் கண்ணிலேயே படாது. எர்த் நன்றாக இருந்தாலும் இதைத் தனியாக நம்ப முடியாது. வீட்டு எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால், பேஸ் உடம்பில் பட்டதும் பாய்வது 23 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். குழி காய்ந்த சித்திரை மாதத்தில் தடை இன்னும் கூடும். கசிவைப் பிடிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி. வேறு விதமாக யோசிக்கிறது. பேஸில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே 0.3 நொடிக்குள் இணைப்பை அறுத்துவிடும். அது அடிக்கடி விழுகிறதே என்று பைபாஸ் செய்பவர்கள், கையில் கிடைத்த துப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். துவைக்கத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து, தண்ணீர் சூடேறும் கட்டத்தில் மட்டும் விழுந்தால், முதலில் ஹீட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி மெஷினைத் திறப்பது. சுவிட்சை அணைத்தால் போதும் என்பது நம்பிக்கை. நம் வீட்டு சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். ஒயரிங் செய்தவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றியிருந்தால், அணைத்த பிறகும் பேஸ் உள்ளே காத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வதுதான் வழி. பிடுங்கிய பிறகும் மோட்டாரின் கண்டன்சரில் மின்னூட்டம் மிச்சம் இருக்கலாம். செமி ஆட்டோமேட்டிக்கில் அது 10 மைக்ரோ ஃபாரட் அளவில் இருக்கும். தொட்டால் கையை உதற வைக்கும். இன்வெர்ட்டர் மெஷினின் போர்டில் ஏறக்குறைய 320 வோல்ட் டி.சி. பெரிய கெப்பாசிட்டர்களில் நிற்கும், அது விளையாட்டல்ல. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பார்ப்பது மெக்கானிக்குகளிடமிருந்து பரவிய கெட்ட பழக்கம். சில ஆயிரம் ஓம் உள்ள, போதிய வாட்டேஜ் கொண்ட ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். டெஸ்டர் எரியாததை ஆதாரமாக எடுக்கக் கூடாது. ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்ற தைரியமும் இங்கே உதவாது: ஒரு விரல் பேஸிலும் இன்னொன்று நியூட்ரலிலும் பட்டால், அதன் கணக்கில் அந்த ஆளும் ஒரு பல்பு.

மெக்கானிக்கே கரண்டை விட்டுத்தானே பார்க்கிறார் என்ற வாதத்துக்கு ஓம் மீட்டரே பதில். பிளக் வெளியே இருக்கும்போதே பெரும்பாலான பழுதுகள் பிடிபடும். 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். தண்ணீர் விடும் வால்வு சில ஆயிரம் ஓம். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. "ம்ம்" என்று முனகி, கையால் சுற்றிவிட்டால் மட்டும் ஓடும் மோட்டாருக்குப் பெரும்பாலும் கண்டன்சர்தான் காரணம். வீட்டில் ஒருவர் நிதானமாகச் செய்யக்கூடியது இதுவரைதான். இன்வெர்ட்டர் போர்டையும், கரண்ட் விட்டு அளக்க வேண்டிய எதையும் அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

வேலை முடிந்ததும் அவரிடம் கேட்க வேண்டியது, 500 வோல்ட் மெக்கர் வைத்து மெஷினின் இன்சுலேஷனைப் பார்த்தாரா என்பதை. எலக்ட்ரீஷியனிடம் பிளக் பாயின்ட்டின் எர்த்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' பொத்தானை அழுத்தினால் அது விழுகிறது, ஆகவே எர்த் சரி என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பொத்தான் தன் கருவியை மட்டுமே சோதிக்கிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது அதே போல் விழும்.