எஃபெக்ட்டை அணைத்துவிட்டுக் கேள்



நீ அனுப்பிய ப்ராஜெக்ட்டைத் திறந்து கேட்டேன். மெட்டு நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்க ஒன்றுமில்லை. ஆனால் பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் தடத்தில் ஒன்பது ப்ளகின் அடுக்கியிருக்கிறாய். எல்லாவற்றையும் அணைத்தால் அடியில் மிஞ்சுவது வெறும் சாடூத் அலை. ஃபில்டரும் என்வலப்பும் ப்ரீசெட்டில் வந்தபடியே கிடக்கின்றன. சிந்தசிஸ் எவ்வளவு, எஃபெக்ட் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். அதற்கு விகிதக் கணக்கு எதுவும் கிடையாது. நீ செய்ய நினைக்கும் வேலை ஒவ்வொரு சுரத்துக்கும் தனியாக நடக்க வேண்டியதா, எல்லாம் கலந்த பிறகு நடக்க வேண்டியதா என்று கேட்டுக்கொள். பாதி குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பாலிஃபோனிக் சிந்தசைசரில் நான்கு சுரக் கார்டு ஒன்றை அழுத்தினால், பொதுவாக உள்ளே நான்கு ஃபில்டரும் நான்கு என்வலப்பும் இயங்கும். பிந்தி அழுத்திய சுரம் பிந்தித்தான் திறக்கும். அதே ஃபில்டரை ப்ளகினாக வெளியே மாட்டினால் நான்கும் சேர்ந்துதான் திறக்கும், சேர்ந்துதான் மூடும். உன் பேட் உயிரில்லாமல் படுத்திருப்பதற்கு இதுதான் காரணம். அதைச் சரிசெய்யத்தான் நீ மேலே மேலே ப்ளகின் போட்டிருக்கிறாய்.

டிஸ்டார்ஷனில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒற்றைச் சுரத்தை அதற்குள் விட்டால் அந்தச் சுரத்தின் அதிர்வெண் மடங்குகள் கூடும், ஒலி தடிக்கும். கார்டை விட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக, கார்டில் இல்லாத அதிர்வெண்கள் கிளம்பும். ச-ப இடைவெளி இதைத் தாங்கும், காந்தாரம் சேர்ந்தால் கலங்கிவிடும். உன் சிந்தசைசரில் வாய்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவ் இருந்தால் கார்டுக்கு அதைப் பயன்படுத்து. முழுக் கார்டையும் கலங்கடிப்பதுதான் நோக்கம் என்றால் தாராளமாக வெளியே போடு.

போனில் பாஸ் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ வைத்திருப்பது 50 ஹெர்ட்ஸ் அருகில் சுத்தமான சைன் அலை. அதில் மடங்குகளே இல்லை. ஈக்யூவில் 1 கிலோஹெர்ட்ஸை எவ்வளவு தூக்கினாலும், இல்லாததைத் தூக்க முடியாது. முக்கோண அலைக்கு மாற்று. 150, 250 என்று மேல் மடங்குகள் வரும், போன் அடிச் சுரத்தை விழுங்கினாலும் காது மேலே கேட்பதைக் கொண்டு அதை ஊகித்துக்கொள்ளும். மெல்லிய சாச்சுரேஷன் போட்டாலும் சரிதான். பாஸ் ஒற்றைச் சுரமாக ஓடுவதால் அங்கே மோதலுக்கு இடமில்லை.

பேட்டின் வால் இன்னொரு தொல்லை. ரிலீஸ் 3 விநாடி, ரிவெர்ப் 4 விநாடி வைத்திருக்கிறாய். உன் வேகம் 120. நாலு பீட் பார் ஒன்று 2 விநாடியில் முடிந்துவிடுகிறது, கார்டும் பாருக்குப் பார் மாறுகிறது. முந்திய கார்டு போய்ச் சேருவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடுகிறது. வாலை யார் இழுப்பது என்று முடிவுசெய். நானாக இருந்தால் ரிலீஸை அரை விநாடிக்குக் குறைத்துவிட்டு ரிவெர்ப்பிடம் விடுவேன்.

ப்ரீசெட்டைக் கேட்டு மயங்கும் பழக்கம் உன்னோடு தொடங்கியதல்ல. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் எஃபெக்ட்டே கிடையாது, ஒலியை ஆபரேட்டர்களை வைத்தே கட்ட வேண்டும். 1987-இல் ரோலண்ட் டி-50 ரிவெர்ப்பையும் கோரஸையும் உள்ளேயே வைத்து வந்தது, மறு ஆண்டு கோர்க் எம்1-உம் எஃபெக்ட்டோடுதான் வந்தது. தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் அந்த ஒலிகள், பாட்டுக்குள் வந்ததும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ப்ரீசெட்டைத் திறந்தவுடன் அதன் எஃபெக்ட் பக்கத்தை அணைத்துவிடு.

இதையெல்லாம் படித்துவிட்டு எஃபெக்ட் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதே. அப்படிப் பேசும் சிலரை நான் அறிவேன், அவர்கள் பாட்டு பெரும்பாலும் வறண்டிருக்கும். ரோலண்ட் ஜூனோ-60-இல் வாய்ஸுக்கு ஒரே ஆசிலேட்டர், துணைக்கு ஒரு சப். அதன் கோரஸ் பொத்தானை எடுத்துவிட்டால் யாரும் அதை ஜூனோ என்று சொல்லமாட்டார்கள். பெர்லினில் 1993-இல் தொடங்கிய பேசிக் சேனல் குழுவின் இசைத்தட்டுகளில் டிலேதான் வாத்தியம். ஜமைக்காவில் ஒலிப்பொறியாளர் கிங் டப்பி 1970-களில் மிக்ஸிங் மேசையில் செய்ததன் வாரிசு அது. ஆனால் பேசிக் சேனலில் மூலக் கார்டு எப்படி இருக்கிறது என்று கவனி: சட்டென்று வெட்டிய என்வலப். அது குறுகலாக இருப்பதால்தான் டிலேக்கு உலவ இடம் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1982-இல் வந்த பிளேடு ரன்னர் படத்துக்கு வாங்கெலிஸ் செய்த இசை. அவர் வாசித்த யமஹா சிஎஸ்-80-இல் ஒவ்வொரு விசையும் விரலின் அழுத்தத்தைத் தனித்தனியாக உணரும். கார்டைப் பிடித்தபடியே ஒரு விரலை மட்டும் அழுத்தி ஒரு சுரத்தை மட்டும் மலர்த்தலாம். அந்த நுட்பத்தை எந்த ரிவெர்ப்பும் தராது. அந்தப் பெரிய வெளியோ லெக்சிகான் 224 ரிவெர்ப்பிலிருந்து வந்தது. அதை எந்த ஆசிலேட்டரும் தராது. யார் வேலை யாருக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். எஃபெக்ட்டைப் போட்டதும் ஒலியின் அளவும் கூடிவிட்டால், அளவு கூடியதையே அழகு கூடியதாகக் காது எடுத்துக்கொள்ளும். அளவைச் சமப்படுத்திவிட்டு ஒப்பிடு. கோரஸால் அகலப்படுத்தியதை மோனோவில் ஒருமுறை கேள். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் பல மோனோதான்.

அடுத்த முறை இரண்டு கோப்பு அனுப்பு: ஒன்று எஃபெக்ட் இல்லாமல், இன்னொன்று எல்லாவற்றோடும். முதலில் எஃபெக்ட் இல்லாததைத்தான் கேட்பேன்.