தண்டவாளம் ஏன் நெளிகிறது?

மாணவர்களே, 2022 ஜூலை 19ஆம் தேதி பிரிட்டனில் வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அன்று பல தடங்களில் ரயில்கள் மெதுவாக ஓட்டப்பட்டன; சில தடங்கள் மூடப்பட்டன. வெயிலுக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு?

எஃகு சூடானால் நீளும். வெப்பம் 1 டிகிரி கூடினால், 1 மீட்டர் எஃகு சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். மிகச் சிறிய அளவுதான். ஆனால், கணக்கிட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 27 டிகிரியில் இழுவிசையோ அழுத்தமோ இல்லாதபடி தண்டவாளத்தைப் பொருத்துகிறார்கள். நேரடி வெயிலில் அது காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறலாம். காற்று 40 டிகிரி என்றால் தண்டவாளம் 60 டிகிரி. வேறுபாடு 33 டிகிரி. ஆக, 1 கிலோமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீள முயலும்!

ஆனால், இக்காலத் தண்டவாளங்கள் பெரும்பாலும் இடைவெளியின்றிப் பற்றவைக்கப்பட்டவை. நீள இடமில்லாததால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. சரளைக்கற்களின் பிடி தளர்ந்த இடத்தில் தண்டவாளம் பக்கவாட்டில் நெளிந்துவிடும். மெதுவாகச் செல்லும் ரயில் தடத்துக்குக் குறைந்த விசையையே கொடுக்கும். அதனால்தான் வேகக் கட்டுப்பாடு.

27 டிகிரிக்குப் பதில் 40 டிகிரிக்குப் பொருத்தினால் என்ன? குளிர்காலத்தில் எஃகு சுருங்கும்போது இழுவிசை அதிகமாகி, தண்டவாளம் முறியக்கூடும். கோடை வெப்பம் ஏற ஏற, இரண்டுக்கும் பொருந்தும் ஒரு வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பது கடினமாகிறது.

சில இடங்களில் தண்டவாளத்துக்கு வெள்ளைச் சாயம் பூசுகிறார்கள். அதனால் வெப்பம் 5 டிகிரி குறைந்தால், 1 கிலோமீட்டருக்கு நீட்சி எவ்வளவு குறையும்? நீங்களே கணக்கிடுங்கள்.